ஏழாவது பட்டை

"உங்க பின்னாடி யாரும் வர்றாங்களா?"

வாசற்படி ஏறிய பிரகதீஸ்வரியிடம் துரைராசு கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்டார் என்பதைவிடக் கத்தினார் என்று சொல்வதுதான் பொருத்தம். கொல்லைத் தென்னையில் உட்கார்ந்திருந்த காக்கை ஒன்று மிரண்டு பறந்தது.

பிரகதீஸ்வரி திரும்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய உதவியாளன் ஜாபிர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

"நான் வர்றேனே மேடம். என்னை ஆள் கணக்குல சேக்கலையா?"

"வாயை மூடிக்கிட்டு வா."

"மூடிக்கிட்டு வந்தாலும் திறந்துக்கிட்டு வந்தாலும் பெரியவருக்கு ஒண்ணுதான். அவருக்குக் காது கேக்காது."

அது உண்மை. துரைராசுவுக்குப் பல வருடங்களாகச் சுத்தமாகக் காது கேட்பதில்லை. தன் குரல் எவ்வளவு பெரிது என்பதும் அவருக்குத் தெரியாது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசினால் குடமுருட்டி ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும். முழங்கால் ஆபரேஷன் ஆகி வாக்கர் பிடித்து நடக்கிற மனிதர், கூடத்துக் கட்டிலை மூலைக்கு இழுத்துப் போட்டு, இரண்டு சுவரும் சேருகிற இடத்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக.

சனிக்கிழமை மதியம் அவருடைய இளைய மகள் சுடர்விழி கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டை உடைந்து கிடந்தாள். இன்று செவ்வாய். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் இன்னும் நினைவு திரும்பாமல் இருக்கிறாள். பாசியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றது போலீஸ். இல்லை என்று சொன்னவர் துரைராசு ஒருவர்தான்.

"யாரோ வந்தாங்க. எம்மவகூட சண்டை போட்டாங்க. நான் பாத்தேன்."

"ஆளைப் பாத்தீங்களா?" என்று எழுதிக் காட்டியிருக்கிறார் ஏட்டு.

"ஆளைப் பாக்கலை. சத்தத்தைப் பாத்தேன்."

ஏட்டு சிரித்துவிட்டுப் போய்விட்டார். சிங்கப்பூரில் இருக்கும் மூத்த மகள் வானதியால் சிரிக்க முடியவில்லை. சொந்தக்காரர் யாருக்கும் சொல்லாமல், இன்று காலையில் துப்பறியும் பிரகதீஸ்வரியின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள்.

பிரகதீஸ்வரி தன் கைபேசியில் பெரிய எழுத்தில் தட்டி அவர் முன் நீட்டினாள்: "நான் உங்களை நம்புறேன் ஐயா. அந்தச் சத்தத்தை எனக்கும் காட்டுங்க."

அதைப் படித்ததும் கிழவரின் கண் கலங்கியது. எதிர்ச் சுவரைக் கை காட்டினார்.

ஆளுயரப் பலகை ஒன்று அங்கே மாட்டியிருந்தது. பலகையில் இடமிருந்து வலமாக, நெட்டுவாக்கில் ஏழு விளக்குப் பட்டைகள். ஒன்றும் எரியவில்லை. பலகையின் அடியில் உள்ளங்கை அளவு பச்சைச் சில்லுப் பலகை இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஒரு சின்ன மைக். ஒரு வயர் தரை வரைக்கும் தொங்கி, பிளக் வெறுமனே கிடந்தது.

ஜாபிர் குனிந்து பார்த்து விசிலடித்தான்.

"கீழ இருக்கறது ஆர்டுயினோ. மூளை. அதுக்கு மேல தொப்பி மாதிரி மாட்டியிருக்காங்களே, அதுதான் மேடம் காது. மைக்ல வர்ற சத்தத்தை ஏழு பங்கா பிரிச்சு மூளைக்குச் சொல்லும். இடது கோடி கனத்த சத்தம். வலது கோடி கீச்சுக் குரல். கல்யாண ரிசப்ஷன்ல பாட்டுக்குத் தக்கபடி லைட்டு ஆடுதுல்ல? அந்தச் சாமான்தான்."

"இங்க எதுக்கு?"

அவர்கள் பேசுவதைக் கேட்காமலே துரைராசு பதில் சொன்னார். "சுடர் எனக்குன்னு செஞ்சா. அப்பாவுக்குக் காது போனா என்ன, கண்ணு இருக்குல்லன்னு சொல்லி. பம்ப்செட் ஓடினா முதல் பட்டை எரியும். ஆம்பளைக் குரல் ரெண்டாவது மூணாவது. சுடர் பேசினா மூணாவது நாலாவது. குக்கர் விசில் அடிச்சா அஞ்சு, ஆறு. ஒரு மாசத்துல எனக்கு எல்லாம் அத்துப்படி ஆயிடுச்சு. யாரு வர்றா, என்ன நடக்குதுன்னு இந்தக் கட்டில்லேருந்தே தெரியும்."

"யாரு பிடுங்கிவிட்டது?" பிரகதீஸ்வரி பிளக்கைக் காட்டினாள்.

"குணசேகரன். எங்க அண்ணன் மவன். கண்ணு கூசும், தூங்குங்க சித்தப்பான்னு சொல்லிட்டுப் பிடுங்கினான். அவன்தான் அன்னிக்கு எம்மவளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவன் வரலைன்னா அங்கயே போயிருப்பா. இப்ப சாப்பாடும் அவன்தான் கொண்டாறான்." இருண்ட பலகையைப் பார்த்தார். "அது அணைஞ்சதுலேருந்து எனக்குப் பயம்மா இருக்கும்மா. கதவைத் திறந்து யாரு உள்ள வந்தாலும் தெரியாது. என்னால குனிஞ்சு சொருகவும் முடியலை."

ஜாபிர் சொருகினான். பலகை ஒருமுறை முழுக்க எரிந்து அடங்கியது. அவன் கை தட்டினான். பட்டைகள் எல்லாம் துள்ளின. "வணக்கம்" என்றான். இரண்டாவதும் மூன்றாவதும் எழுந்து இறங்கின. துரைராசு நீளமாக மூச்சு விட்டார். சுவரிலிருந்து முதுகைச் சற்றே விலக்கினார்.

"சனிக்கிழமை என்ன பாத்தீங்க? வரிசையா சொல்லுங்க," என்று எழுதினாள் பிரகதீஸ்வரி.

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண்முன்னால் மறுபடி நடப்பதுபோல.

"நான் படுத்திருந்தேன். சுடர் கொல்லையில துணி துவைச்சுக்கிட்டிருந்தா. திடீர்னு அந்தக் கடைசிப் பட்டை எரிஞ்சுது. ஏழாவது. அது தனியா எரிஞ்சு நான் பாத்ததே இல்லை. மத்த ஆறும் இருட்டு. அது மட்டும் உச்சி வரைக்கும். அப்புறம் அணைஞ்சுது. பெறவு சுடர் பேசறா. ரெண்டாவது மூணாவதுல ஒருத்தன் பதில் சொல்றான். மாத்தி மாத்தி. வரவர உயரமா. அப்புறம் ஏழும் ஒண்ணா எழும்பிச்சு. கத்தியிருக்கா. அப்புறம் முதல் பட்டை மட்டும் ஒரு தடவை. பொத்துனு." கையை மடியில் போட்டுக்கொண்டார். "அதுக்கப்புறம் ஒண்ணுமே எரியலை. நான் வாக்கரைப் புடிச்சுக்கிட்டுப் போறதுக்குள்ள குணா அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். இப்பதான் வந்தேன் சித்தப்பா, சுடர் தொட்டிகிட்ட கெடந்தாள்னு கை சாடையில சொன்னான்."

 பலகை இருட்டாக இருந்தது.

"மேடம்," என்றான் ஜாபிர் மெல்ல. "எனக்கு முதுகு ஜில்லுங்குது. இந்தப் பலகை சாட்சி சொல்ற மாதிரியே இருக்கு."

"ஏழாவது பட்டை," என்றாள் பிரகதீஸ்வரி. "அதைக் கண்டுபிடிச்சா ஆளைக் கண்டுபிடிச்ச மாதிரி. ஆரம்பி."

ஆரம்பித்தார்கள். ஜாபிர் சாவிக்கொத்தைக் குலுக்கினான். ஏழாவதோடு ஐந்தாவது, ஆறாவது பட்டைகளும் சேர்ந்து எரிந்தன. கிழவர் தலையை ஆட்டினார். விசிலடித்தான். பூஜை மணியை ஆட்டினான். சைக்கிள் பெல், டம்ளரில் கரண்டி, பீரோக் கதவின் கிறீச். எதுவும் ஏழாவதை மட்டும் தனியாக எழுப்பவில்லை.

"இனி நான் பாடறதுதான் பாக்கி," என்றான்.

"வேண்டாம். அவருக்குக் காது கேக்காது, எனக்குக் கேக்குமே." பிரகதீஸ்வரி நெற்றியைத் தேய்த்தாள். "போன்ல ஏதோ ஆப் வெச்சிருந்தியே, எந்தச் சத்தம் வேணும்னாலும் ஒரே சீரா வர்ற மாதிரி?"

ஜாபிர் அதைத் திறந்து, விரலால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். கைபேசி முனகியது, கூவியது, வீறிட்டது. பட்டைகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன. ஆறாவது அணைந்தது. பிரகதீஸ்வரிக்குச் சத்தமும் நின்றுவிட்டது.

ஆனால் ஏழாவது பட்டை உச்சிவரை எரிந்தது.

"அதேதான்!" துரைராசு கத்தினார். "அதேதான்! இதேமாதிரி!"

"நின்னுபோச்சே?" என்றாள் பிரகதீஸ்வரி.

ஜாபிர் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். "நிக்கலை மேடம். மண்டைக்குள்ள ஊசி குத்துது. உங்களுக்குக் கேக்கலையா?"

"இல்லையே."

"வயசு அம்பது தாண்டினா கடைசிப் பட்டைக்கு டிக்கெட் குடுக்க மாட்டாங்க போல."

அவள் திட்ட வாயெடுத்தாள். அப்போதுதான் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த முனகல் வந்தது. குனிந்து பார்த்தாள். சுடர்விழி வளர்த்த நாய், பெயர் வெடி. இவர்கள் வந்தபோது தெருவையே கூட்டிக் குரைத்தது, துரைராசு அதட்டியபிறகுதான் அடங்கியது. இப்போது வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு, காதை மடக்கி, சுவரோடு சுவராக ஒண்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்து," என்றாள். ஜாபிர் நிறுத்தினான். பட்டை அணைந்தது. நாயின் நடுக்கம் மெல்ல அடங்கியது.

பிரகதீஸ்வரி அவசரமாகத் தட்டி நீட்டினாள்: "சனிக்கிழமை வெடி குரைச்சுதா?"

துரைராசு யோசித்தார். அவருடைய முகம் மாறியது. "இல்லையே. குரைச்சா மூணு, நாலு, அஞ்சு படபடன்னு அடிக்கும். அன்னிக்கு அந்த வெளிச்சமே இல்லை. யாரு வந்தாலும் குரைக்குமே இது. குணா வந்தாக்கூட வாசல்ல நின்னு சுடரைக் கூப்பிடுவான். அவ கட்டிப் போட்டாத்தான் உள்ள வருவான்."

"நாய் விரட்டி," என்றான் ஜாபிர். "ஆன்லைன்ல விக்கிறான் மேடம். தீப்பெட்டி அளவு. பொத்தானை அமுக்கினா மனுஷனுக்குக் கேக்காது, நாய்க்குக் காது கிழியும். மலிவு சாமானா இருந்தா என்னை மாதிரி இளவட்டத்துக்கும் கொஞ்சம் கேக்கும்."

"அப்போ வந்தவன் சத்தம் இல்லாம வரணும்னே வந்திருக்கான். இவங்க குடும்பத்து மேல யாருக்குப் பகை?"

அதையே அவள் தட்டிக் காட்டியதும் துரைராசு உடனே பதில் சொன்னார். "வீரையன். லாரிக்காரன். ஆத்துல மணல் திருடறான். ராத்திரியில முதல் பட்டை விட்டு விட்டு எரியுதுன்னு நான்தான் சுடர்கிட்ட சொன்னேன். அவ போய்ப் பாத்தா. நம்ம வயல் ஓரமாவே லாரி போகுதுன்னா. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கறேன்னு நின்னா. கடைத்தெருவுல வெச்சு அவளை முறைச்சிருக்கான் அந்தப் பய."

"வயலை யார் பாத்துக்கறது?" என்று எழுதினாள்.

"குணாதான். அவனுக்கு இது ஒண்ணும் தெரியாது, பாவம். தஞ்சாவூர்ல இருக்கான்."

ஜாபிர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "வீரையனைப் புடிச்சு ஜேப்பைத் துழாவினா கதை முடிஞ்சுது. நான் வண்டியை எடுக்கறேன்."

ஏழாவது பட்டை எரிந்தது.

பிரகதீஸ்வரி அதைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு சொன்னாள். "ஜாபிர், போனை அணை."

ஜாபிர் வாசல் பக்கம் திரும்பியிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அணைச்சுட்டேன் மேடம். அப்பவே அணைச்சுட்டேன்." கைபேசியை எடுத்துக் காட்டினான். "வெளியேருந்து வருது."

கட்டிலுக்கு அடியில் வெடி மறுபடி முனகியது. பலகையில் ஏழாவது பட்டை ஆடாமல் அசையாமல் நின்று எரிந்தது. அவள் காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. வயலிலிருந்து வருகிற காற்றின் சத்தம்கூட இல்லை. கேட்காத ஒன்று வீட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த வெளிச்சம் மட்டும்தான் சொன்னது. இத்தனை வருடத் தொழிலில் கத்தியைப் பார்த்திருக்கிறாள், துரத்தலைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"வந்துட்டான்!" துரைராசு உச்சக் குரலில் கத்தினார். "அன்னிக்கு வந்தவன் வந்துட்டான்!"

பிரகதீஸ்வரி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். நேரம் கடந்துவிட்டது. பட்டை அணைந்தது.

ஜாபிர் ஜன்னலோரம் போய் எட்டிப் பார்த்தான். "கேட்டுல ரெண்டு பேர். ரெண்டு பைக்கு. ஒருத்தன் மீசை, மலை மாதிரி இருக்கான். இன்னொருத்தன் வெள்ளைச் சட்டை, கையில சாப்பாட்டு கேரியர். சண்டை போட்டுக்கறாங்க. வெள்ளைச் சட்டை கொல்லைப் பக்கம் ஓடி வர்றாரு!"

கொல்லைக் கதவு தடதடத்தது. "சித்தப்பா வீட்டுல யாரு இருக்கறது? கதவைத் திறங்க! நான் குணசேகரன்! வீரையன் வந்திருக்கான், அவனை உள்ள விட்டுடாதீங்க!"

ஜாபிர் திறந்தான். நாற்பது வயதுக் குணசேகரன் மூச்சிரைக்க உள்ளே வந்து, தானே தாழ்ப்பாளைப் போட்டு, குறுக்கே இரும்புக் கம்பியையும் மாட்டினான். வாசல் கதவுக்கும் ஓடித் தாழிட்டான். பிறகுதான் இவர்களைப் பார்த்தான்.

"நீங்க யாரு?"

"வானதி அனுப்பினாங்க. துப்பறியறவங்க," என்றாள் பிரகதீஸ்வரி.

"வானதியா?" ஒரு கணம் தடுமாறினான். "எங்கிட்ட சொல்லலையே. நல்லதாப் போச்சு. அவன்தாங்க சுடரை அடிச்சிருக்கான். இப்ப சித்தப்பாவையும் மிரட்ட வந்திருக்கான்."

வாசல் கதவில் இடி விழுந்தது. பலகையில் முதல் மூன்று பட்டைகளும் துள்ளின. "பெரியவரே! கதவைத் திறங்க! உங்ககிட்ட பேசணும்!" மறுபடி இடி. ஒவ்வொரு இடிக்கும் துரைராசுவின் உடம்பு தூக்கிப் போட்டது. கேட்காத மனிதர், வெளிச்சம் பாயும்போதெல்லாம் அடி வாங்கியவர்போல ஒடுங்கினார்.

"கதவு தாங்குமா?" ஜாபிர் கேட்டான்.

"தேக்கு. தாங்கும்," என்றான் குணசேகரன்.

"நான் தாங்குவேனான்னு தெரியலை."

பிரகதீஸ்வரி போலீசுக்கு அழைத்தாள். அந்தப் பக்கம் எடுத்தவரிடம் ஊரையும் வீட்டையும் சொன்னாள். பேசி முடிக்கும்போது இடி நின்றுவிட்டது.

அந்த அமைதி இடியைவிட மோசமாக இருந்தது. எந்தப் பக்கமாக வருவான் என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். பலகை இருண்டு கிடந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து வெடி வெளியே வந்தது. மெல்ல, வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்து, பிறகு எழுந்து நின்று பல்லைக் காட்டி உறுமியது. மூன்றாவது பட்டை நடுங்கியது. நான்காவதும்.

அதே நேரத்தில் கூடத்து ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. வீரையன். இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான். "பெரியவரே," என்றான்.

ஏழாவது பட்டை உச்சிவரை எரிந்தது.

வெடி கேவிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் ஓடியது. ஜாபிர் காதைப் பொத்தினான். "மேடம், அவன்தான்! அவன்தான் அமுக்கறான்!"

பிரகதீஸ்வரி ஜன்னலைப் பார்த்தாள். வீரையனின் முரட்டு விரல்கள் பத்தும் கம்பியைச் சுற்றியிருந்தன. அந்தக் கையில் ஒன்றுமில்லை. பட்டை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

 நாய் ஜன்னலைப் பார்த்து உறுமவே இல்லை. இரண்டு கதவையும் தாழிட்டவன் யார் என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவள் திரும்புவதற்குள் துரைராசு பேசினார். இந்த முறை கத்தவில்லை. இப்படித் தாழ்ந்த குரல் அவரிடமிருந்து வந்து அவர்கள் கேட்டதில்லை.

"குணா. பாக்கெட்டுலேருந்து கையை எடு."

குணசேகரனின் வலதுகை பேன்ட் பைக்குள் இருந்தது. தன்னையறியாமல் செய்த காரியம். நாய் உறுமியதும் விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிருக்கிறது. அவன் பலகையைப் பார்த்தான். சித்தப்பாவைப் பார்த்தான். கையை எடுத்தான். பட்டை அணைந்தது.

தன் பொத்தானையும் பலகை காட்டிவிட்டது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. லாரிச் சத்தத்தைக் காட்டிக் கொடுக்கிற பலகை என்று மட்டும்தான் அதை நினைத்திருந்தான்.

"சித்தப்பா, நான் வேணும்னு பண்ணலை," என்றான். "வயல் வழியா லாரி போகட்டும்னு நான்தான் விட்டேன். மனு குடுக்காதேன்னு அவகிட்ட கெஞ்சத்தான் வந்தேன். கையைப் புடிச்சா, உதறினேன். விழுந்துட்டா. சத்தியமா சித்தப்பா, நான்தானே தூக்கிக்கிட்டு ஓடினேன்…"

துரைராசுவுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் அவனைப் பார்க்கவுமில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது எழுந்தது, மூன்றாவது எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது.

"இதேதான்," என்றார். "அன்னிக்கும் இப்படித்தான் எரிஞ்சுது."

குணசேகரனின் முகத்தில் கெஞ்சல் போய்விட்டது. கொல்லைக் கதவுக் குறுக்கே மாட்டிய இரும்புக் கம்பியை ஒரே இழுப்பில் உருவினான். "இந்தப் பலகை இருந்தாத்தானே…" என்று இரண்டு கையாலும் ஓங்கினான். பலகைக்கும் அவனுக்கும் இடையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார் துரைராசு. ஓங்கிய கம்பி நிற்கவில்லை.

ஜாபிர் ஹெல்மெட்டை நீட்டிக்கொண்டு குறுக்கே பாய்ந்தான். கம்பி ஹெல்மெட்டில் விழுந்து, அவன் சுவரில் போய் மோதினான். ஏழு பட்டைகளும் ஒன்றாக எரிந்தன. பிரகதீஸ்வரி வாசல் கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் அசைய மறுத்தது. பின்னால் கம்பி மறுபடி உயரும் சத்தம் கேட்டது.

ஆனால் குணசேகரனின் இரண்டு கையும் கம்பியில் இருந்தன. பொத்தானை அமுக்கக் கையில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து வெடி கிளம்பி வந்து அவன் கெண்டைக்காலைக் கவ்வியது.

அவன் அலறினான். தாழ்ப்பாள் விலகியது. எந்த மனிதன் உள்ளே வந்துவிடக் கூடாது என்று பயந்தார்களோ, அந்த மனிதன் பிரகதீஸ்வரியை ஒதுக்கிவிட்டு உள்ளே பாய்ந்தான். கம்பியைப் பிடுங்கி எறிந்தான். குணசேகரனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினான்.

"மணலுக்கு என்னைப் புடிங்க, வர்றேன்," என்றான் வீரையன் மூச்சு வாங்க. "பாதை விட்டது இவன். நான்தான் அந்தப் பொண்ணை அடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். அதைப் பெரியவர்கிட்ட சொல்லத்தான் வந்தேன். பொம்பளைப் புள்ளை மேல கை வெக்கிறவன் நான் இல்லைங்க."

ஜாபிர் சுவரோரம் உட்கார்ந்தபடியே இரண்டாகப் பிளந்த ஹெல்மெட்டைத் தடவிப் பார்த்தான். "மேடம், இதை ஆபீஸ் செலவுல எழுதலாமா?" அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. பிரகதீஸ்வரி அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். 

போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் குணசேகரனின் பையிலிருந்து தீப்பெட்டி அளவுக் கறுப்புச் சாமானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் எழுதி துரைராசுவிடம் காட்டினார்: இவர் உங்களுக்கு என்ன உறவு?

கிழவர் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். விலங்கு மாட்டிய குணசேகரன் தலை நிமிரவில்லை.

"எங்க அண்ணன் மவன்," என்றார். "அவங்கப்பா போனப்புறம் நான்தான் படிக்க வெச்சேன். வயலையும் நம்பிக் குடுத்தேன்." இன்ஸ்பெக்டரின் பேனாவைக் கை காட்டினார். "எல்லாத்தையும் எழுதிக்கங்க. ஒண்ணையும் விட்டுடாதீங்க. எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

வானதி எண் கொடுத்திருந்ததால், சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து பிரகதீஸ்வரிக்கு அழைப்பு வந்தது. பேசியவர் ஆசியா என்ற நர்ஸ். சுடர்விழி கண் விழித்துவிட்டாள். ஆனால் யாரையும் கிட்டே விடமாட்டேன் என்கிறாள், ஊசி போடப் போனால் கையை இழுத்துக்கொள்கிறாள், சொந்தக்காரர் யாராவது உடனே வந்தால் நல்லது என்றார்.

வாடகைக் கார் பிடித்துத் துரைராசுவை அழைத்துப் போனார்கள். வழியெல்லாம் சம்பா நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் மின்னியது. அவர் எதையும் பார்க்கவில்லை. வாக்கரின் கால்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்டையே பார்த்தபடி வந்தார்.

வார்டின் கடைசிக் கட்டிலில் தலையில் கட்டோடு படுத்திருந்தாள் சுடர்விழி. வாக்கரை ஊன்றி ஊன்றி வருகிற அப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவளுடைய பார்வை அவர் முகத்தில் நிற்கவில்லை. அவரைத் தாண்டி, கதவைப் பார்த்தாள். ஜாபிரைப் பார்த்து மிரண்டாள். பிரகதீஸ்வரியைப் பார்த்தாள். மறுபடி கதவையே பார்த்தாள். போர்வையின் விளிம்பை விரல்கள் முறுக்கின. அவன் வந்துவிடுவானோ என்று தேடுகிற கண்கள்.

துரைராசு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கதவு அவளுக்குத் தெரியாதபடி தன் உடம்பால் மறைத்துக்கொண்டார். மகளின் கையை இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அவன் வரலைம்மா," என்றார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இனிமே வரமாட்டான். எனக்குத் தெரியும்."

சுடர்விழியின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று அவருக்குக் கேட்கவில்லை. முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் போர்வையை விட்டன.